உந்துவிசைக் கோட்டை யார் அளப்பது?

வானூர்திப் பொறியியல் பயிலும் மாணவர் எவரிடமும் ஒரு வானூர்தியின் மீது செயல்படும் விசைகளை வரைந்து காட்டச் சொன்னால், அரை நிமிடத்தில் வரைந்துவிடுவார். மேல்நோக்கித் தூக்குவிசை, கீழ்நோக்கி எடை, பின்னோக்கி இழுவிசை, முன்னோக்கி உந்துவிசை. நான்கு அம்புகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அப்புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயரிட்டு முழு மதிப்பெண்ணும் பெறுவார். உண்மையான வானூர்தி எதிலும் அந்த நான்கு கோடுகளும் அப்படி ஒரு புள்ளியில் சந்திப்பதில்லை என்பதை அவர் எப்போது அறிகிறார் என்பதே கேள்வி. பலர் பட்டம் பெற்ற பின்னும் அறிவதில்லை. சிலர், தாம் கட்டிய மாதிரி விமானம் முதல் பறப்பிலேயே மூக்குக் குத்தி விழும்போது அறிகிறார்கள். தம் கையாலேயே வானூர்தி கட்டி அதில் ஏறிப் பறக்க முனைவோருக்கோ அந்த அறிவு தாமதமாக வந்தால் உயிரே விலையாகிறது.

எஞ்சினைப் பொருத்தும்போது அதன் சுழல்தண்டு எந்தத் திசையை நோக்குகிறது, அத்திசையில் நீட்டப்பட்ட கோடு ஈர்ப்பு மையத்திற்கு எவ்வளவு மேலே அல்லது கீழே செல்கிறது என்பதுதான் உந்துவிசைக் கோட்டைச் சீரமைத்தல். வீட்டில் வானூர்தி கட்டுவோரின் பணிகளில் இது மிகச் சிறியதாகத் தோன்றும். நான்கு போல்ட்டுகள், சில வாஷர்கள், ஒரு ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு, அவ்வளவே கருவிகள். ஆயினும் வானூர்தியின் குணத்தையே தீர்மானிக்கும் பணிகளுள் இதுவும் ஒன்று. இந்தியப் பல்கலைக்கழகங்கள் இதைப் பட்டறைக்காரரின் வேலை என்று ஒதுக்கி வைத்திருப்பது தவறு. அத்தவற்றைத் திருத்தப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருவர் அமரும் ஓர் இலகுரக வானூர்தி மேலெழும்போது எஞ்சின் 1,500 நியூட்டன் உந்துவிசை தருவதாகக் கொள்வோம். நீர்நில வானூர்திகளில் போல எஞ்சின் உயரத் தூணின் மீது அமைந்திருப்பதால், உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்திற்கு 30 சென்டிமீட்டர் மேலே செல்கிறது எனலாம். அப்போது மூக்கைக் கீழே அழுத்தும் திருப்புத்திறன் 450 நியூட்டன் மீட்டர். வால்சிறகு ஈர்ப்பு மையத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் இருந்தால், இதைச் சமன்செய்ய வால் ஏறத்தாழ 112 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வாலில் 11 கிலோவுக்கும் சற்று மேலான எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம்.

எஞ்சின் இயங்கும்வரை இதில் ஆபத்து இல்லை. விமானி நெம்புகோலைச் சற்றே பின்னிழுத்துப் பழகிக்கொள்வார். ஆனால் தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால்? மூக்கைக் கீழே அழுத்திய விசை அக்கணமே மறைகிறது. அதைச் சமன்செய்துகொண்டிருந்த வாலின் அழுத்தமும் விமானியின் கையும் உடனே மறைவதில்லை. வேகம் குறைந்துகொண்டிருக்கும் அதே நொடியில் மூக்கு மேலெழுகிறது. உயிர் தப்ப மூக்கு கீழே இறங்க வேண்டிய வேளையில், வானூர்தி எதிர்த்திசையில் செல்ல விரும்புகிறது. இதை முன்பே அறிந்தவருக்கு நெம்புகோலை முன்தள்ளும் பழக்கம் இருக்கும். அறியாதவருக்கு அதைக் கற்க நேரம் இருக்காது.

எஞ்சினைச் சாய்த்து இதைச் சரிசெய்துவிடலாமே என்று தோன்றலாம். சாய்வு பயன்தரும்; ஆனால் அதன் எல்லை குறுகியது. புரொப்பெல்லர் ஈர்ப்பு மையத்திலிருந்து 1.6 மீட்டர் தொலைவில் இருக்கும் வானூர்தியில், சுழல்தண்டை ஒரு பாகை சாய்த்தால் உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்தருகே 28 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். மேற்சொன்ன 30 சென்டிமீட்டரைச் சாய்வினால் மட்டும் போக்க வேண்டுமெனில் பத்துப் பாகைக்கு மேல் சாய்க்க வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே சாய்வு நுண்திருத்தத்திற்கு உரியது. எஞ்சினின் உயரமோ வடிவமைப்பின் முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய முடிவு. முதல் நாள் தவறைக் கடைசி நாள் வாஷர்கள் மூடி மறைக்க மாட்டா.

நுண்திருத்தத்தின் எல்லைக்குள் சாய்வு மிக மலிவான கருவி என்பதையும் சொல்ல வேண்டும். சுழல்தண்டை 3 பாகை சாய்ப்பதால் இழக்கப்படும் முன்னுந்தல் 0.14 விழுக்காடு மட்டுமே. எஞ்சின் முன்னால் இருக்கும் பல வானூர்திகளில், விசையைக் கூட்டும்போது புரொப்பெல்லர் காற்று வாலின் மீது மோதி மூக்கை உயர்த்தும். தண்டின் முன்முனையைச் சற்றே கீழ்நோக்கி வைத்தால் அவ்வுயர்வு தணியும். பக்கவாட்டிலும் இதே முறை. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கப் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழன்றால், மேலேறும்போது மூக்கு இடப்புறம் இழுக்கும். சுழன்று பின்னே செல்லும் காற்று செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுவதும், கீழிறங்கும் வலப்புற அலகு மேலேறும் அலகைவிட அதிக உந்துவிசை தருவதும் இதற்குக் காரணங்கள். எஞ்சினை 2 பாகை வலப்புறம் திருப்பினால், அதே 1,500 நியூட்டனில் 52 நியூட்டன் பக்கவாட்டு விசையாக மாறும். அதன் திருப்புத்திறன் 84 நியூட்டன் மீட்டர். விமானியின் வலக்காலுக்கு அந்த அளவு சுமை குறைகிறது. ஆனால் எஞ்சின் விசை குறைந்து வானூர்தி சறுக்கி இறங்கும்போது அந்த உதவியும் மறைந்துவிடும். மேலேற்றத்திற்குப் பொருந்தும் கோணம் சீர்ப்பறப்புக்கு முற்றிலும் பொருந்தாது. எந்த நிலைக்காகத் திருத்துகிறோம் என்று முடிவெடுத்து, அந்த முடிவை எழுதி வைப்பதே முறை.

எல்லா எஞ்சினும் ஒரே திசையில் சுழல்வதும் இல்லை. இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தின் தொடக்க மாதிரியில் இருந்த ஜிப்சி மேஜர் எஞ்சின், விமானியின் பார்வையில் இடஞ்சுழியாகச் சுழல்வது. 1958இல் பறந்து பின்னர்ப் பறப்புக் கழகங்களில் பரவிய புஷ்பக் விமானத்தின் காண்டினென்டல் எஞ்சினோ வலஞ்சுழி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விமானியின் கால் மாற வேண்டும்; ஒன்றின் வரைபடத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோணத்தை நகலெடுத்தால் நோய்க்கு எதிரான மருந்தே நோயை வளர்க்கும். கார் எஞ்சின்களை மாற்றியமைத்துப் பொருத்துவோர் இதில் இருமடங்கு விழிப்பாக இருக்க வேண்டும்.

இனி அளக்கும் முறை. உடற்கூட்டை அதன் மட்டக்குறிகளின்படி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் சமப்படுத்த வேண்டும். புரொப்பெல்லர் பொருந்தும் வட்டத்தகட்டின் முகத்தில் மட்டமானியை வைத்தால் மேல்கீழ்ச் சாய்வு தெரிந்துவிடும். பக்கச் சாய்வுக்கு எளிய வழி ஒன்று உண்டு. புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் இரு நுனிகளிலிருந்தும் வாலின் நடுக்கோட்டில் உள்ள ஒரே புள்ளிக்கு நாடாவால் அளக்க வேண்டும். 1.5 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரில் 2 பாகை வலத்திருப்பம் இருந்தால், இடநுனியின் தொலைவு வலநுனியின் தொலைவைவிட ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். சுழல்மையம் நடுக்கோட்டிலேயே நிற்க வேண்டுமெனில், எஞ்சின் தாங்கியின் பின்பகுதியை அதற்கேற்ப இடப்புறம் நகர்த்திப் பொருத்தியிருக்க வேண்டும். தாங்கியின் மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் இடையே 250 மில்லிமீட்டர் இருந்தால், ஒரு பாகைக்கு 4.4 மில்லிமீட்டர் கனமுள்ள வாஷர்கள் தேவை. அவற்றை இட்டபின் மரையின் நீளம் நட்டுக்குப் போதுமா, சாய்ந்த முகத்தில் போல்ட் வளைவுக்கு உள்ளாகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரப்பர் தாங்கிகள் நாளடைவில் அமுங்கும். அப்போது எஞ்சினின் முன்முனை தாழும். மூக்குக்கூம்புக்கும் எஞ்சின் மூடிக்கும் இடையிலான இடைவெளி கீழே குறைந்து மேலே கூடினால், முதல் நாள் எழுதிய கோணம் இன்று உண்மையல்ல என்று பொருள்.

இவ்வளவும் அளந்தவர்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்: ஈர்ப்பு மையத்தின் உயரம். வானூர்தியை எடைபோடும்போது ஈர்ப்பு மையம் முன்பின்னாக எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அறிய, மூக்கைத் தெரிந்த கோணத்திற்கு உயர்த்தி மீண்டும் ஒருமுறை எடைபோட வேண்டும். அல்லது சிறிய ஊர்தியானால் இரு வேறு புள்ளிகளிலிருந்து தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் தூக்குக்குண்டின் கோட்டைக் குறித்து, இரு கோடுகளும் வெட்டும் இடத்தைக் காண வேண்டும். ஒழுங்கற்ற அட்டைத் துண்டின் ஈர்ப்பு மையத்தைக் காணப் பள்ளி ஆய்வகத்தில் செய்த அதே சோதனைதான் இது. உந்துவிசைக் கோடு ஒரு புள்ளிக்கு மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்று விவாதிப்பவர், அந்தப் புள்ளி எங்கே என்று அறியாமல் விவாதிப்பது வீண்.

இந்தப் பள்ளிச் சோதனை ஒரு நாட்டின் விதியாகவே மாறிய வரலாறு உண்டு. பிரிட்டனில் தனியார் கட்டிப் பறக்கும் கைரோபிளேன்கள் தொடர்ச்சியாக விபத்துக்குள்ளானதைத் தொடர்ந்து, அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆதரவில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1990களில் ஆய்வில் இறங்கியது. கணிதப் படிமத்தோடு நிற்காமல், கருவிகள் பொருத்திய கைரோபிளேனைப் பறக்கவிட்டு அளந்தது. நீளவாக்கு நிலைப்புத்தன்மையை மிகுதியாகத் தீர்மானிப்பது, உந்துவிசைக் கோட்டுக்கும் ஈர்ப்பு மையத்திற்கும் இடையிலான செங்குத்துத் தொலைவே என்ற முடிவு கிடைத்தது. கைரோபிளேனில் உந்துவிசைக் கோடு ஈர்ப்பு மையத்திற்கு வெகு மேலே சென்றால், கீழ்நோக்கிய காற்றினாலோ விமானியின் கைத்தவற்றினாலோ மேற்சுழலியின் தூக்குவிசை ஒரு கணம் குறைந்ததும் எஞ்சின் ஊர்தியை முன்னோக்கிக் கவிழ்க்கத் தொடங்கும். கவிழக் கவிழத் தூக்குவிசை மேலும் குறையும். மீள்வதற்கு வழியில்லை. இரண்டுக்கும் இடையிலான தொலைவு இரண்டு அங்குலத்திற்குள், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீட்டருக்குள், இருக்க வேண்டும் என்ற வரம்பு அந்த ஆய்வின் பயனாகவே நடைமுறைக்கு வந்தது. கொட்டகையில் இரும்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்த ஆர்வலரின் சிக்கலை ஒரு பல்கலைக்கழகம் தன் சிக்கலாக ஏற்றுக்கொண்டதால் விளைந்த நன்மை இது.

இந்தியாவில் அத்தகைய உறவுக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வீட்டில் கட்டுவோருக்காக வரைந்த லாங்-ஈஸி வானூர்தியை அடிப்படையாகக் கொண்டே, பெங்களூருவின் என்.ஏ.எல். ஆய்வகம் 1980களில் தன் இலகுரகக் கனார்ட் ஆய்வு விமானத்தைக் கட்டியது. தேசிய ஆய்வகம் ஒன்று வீட்டுக் கட்டுநரின் வரைபடத்திலிருந்து கற்க வெட்கப்படவில்லை. அதே ஆய்வகத்தின் ஹன்ஸா 1993இல் பறந்தது. அதன் புதிய தலைமுறை வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் சொந்த ஓடுபாதையோடு பறப்பு ஆய்வகமே இயங்குகிறது. மறுபுறம், மும்பையின் காந்திவலியில் குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அமோல் யாதவ் என்ற விமானி ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டி, 2016இல் மும்பையில் நடந்த கண்காட்சியில் நாட்டின் பார்வைக்கு வைத்தார். 2017இல் அது பதிவும் பெற்றது. ஆய்வகமும் மொட்டைமாடியும் இந்த நாட்டில் இரண்டுமே உண்டு. இரண்டுக்கும் இடையே வழக்கமான பாதைதான் இல்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும். முதலாவது, வீட்டில் வானூர்தி கட்டுவோர் இந்தியாவில் மிகச் சிலரே. அவர்களுக்காகப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமா என்பது. மனிதர் ஏறும் வானூர்தியை மட்டும் எண்ணினால் இது சரி. ஆனால் நிலைச்சிறகு ட்ரோன்களைக் கட்டும் மாணவர் குழுக்களும் சிறு நிறுவனங்களும் நாடெங்கும் பெருகிவிட்டன. அவற்றிலும் அதே கோடு, அதே மையம், அதே வாஷர். ட்ரோனில் ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு: தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி, கோணப் பிழையை இடைவிடாமல் தானே திருத்திக்கொண்டு அப்படி ஒரு பிழை இருப்பதையே மறைத்துவிடும். எலிவேட்டரின் அசைவெல்லையில் ஒரு பகுதி எப்போதும் அதற்கே செலவாகிக்கொண்டிருக்கும். பலத்த காற்றில் முழு அசைவும் தேவைப்படும் நாளில் அது கைக்கு எட்டாது.

இரண்டாவது, கணினி உருவகத்தில் இதையெல்லாம் முன்பே கண்டுவிடலாமே என்பது. உருவகம், தனக்குக் கொடுக்கப்பட்ட கோணத்திற்கு விடை சொல்லும். பற்றவைக்கும்போது வெப்பத்தால் இழுபட்ட தாங்கியின் கோணத்தையோ, இருநூறு மணி நேரம் அதிர்ந்து அமுங்கிய ரப்பரையோ அது அறியாது. வரைந்த வானூர்தி வேறு, கட்டிய வானூர்தி வேறு. அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அளப்பதே பொறியியல் கல்வியின் சாரம். அதைக் கைவிட்டுவிட்டு உருவகத்தை மட்டும் கற்பித்தால், மாணவர் தம் உள்ளீட்டையே விளைவாக நம்பப் பழகுவார்.

மூன்றாவது வாதம் கனமானது: அறியாதவர் கையில் ஆபத்தான கருவியைக் கொடுப்பதைவிடத் தடைசெய்வதே மேல் என்பது. பிறர் தலைமீது விழக்கூடிய ஒன்றைக் கட்டுவோருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தடை ஆர்வத்தை அழிப்பதில்லை. ஆர்வத்தை மறைவிடத்திற்கு அனுப்புகிறது. மறைவிடத்தில் கட்டப்படும் வானூர்தியின் கோணத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. அமெரிக்காவில் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பெரும்பகுதியைத் தாமே கட்டியவருக்குச் சோதனை வகைச் சான்று உண்டு. அதோடு மக்கள் நெருக்கமில்லாத பகுதியில், எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற இணையானால் வழக்கமாக 25 மணி நேரமும், அல்லவெனில் 40 மணி நேரமும் பறந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உரிமையும் கடமையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருப்பதால், கட்டுபவர் தம் அளவுகளை மறைக்கக் காரணம் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை எளியவை. வானூர்திப் பொறியியல் துறை ஒவ்வொன்றிலும், எஞ்சினோடு கூடிய ஓர் உண்மையான உடற்கூட்டில் உந்துவிசைக் கோட்டையும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் அளக்கும் ஆய்வகப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். சேவையிலிருந்து விலக்கப்பட்ட பழைய பயிற்சி விமானத்தின் கூடு அதற்குப் போதும். ஒரே கூட்டை ஐந்து குழுக்கள் தனித்தனியே அளந்து, தம் விடைகள் ஏன் வேறுபடுகின்றன என்று எழுதினால், பிழைப்பகுப்பாய்வின் முழுப் பாடமும் அதில் அடங்கும். துறைகள் ஆண்டில் சில நாள்களேனும் தம் பட்டறையின் கதவை வெளியே கட்டும் ஆர்வலருக்குத் திறந்து, அளந்து, கையொப்பமிட்ட அளவுத்தாள் தர வேண்டும். மாணவர் போட்டிகளில் பறப்புக்கு மதிப்பெண் தருவதுபோல், முதல் பறப்புக்கு முன் எழுதிய கோணமும் ஒவ்வொரு பறப்புக்குப் பின் மாற்றிய வாஷரின் கணக்கும் மதிப்பெண் பெற வேண்டும். இத்தகைய அளவுகளை வெளியிடும் ஆய்வுக்குறிப்பைப் பதவி உயர்வுக் குழுக்கள் ஆய்வாகவே ஏற்க வேண்டும். கிளாஸ்கோவின் ஆய்வை ஆய்வல்ல என்று யாரும் சொல்லவில்லை.

ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட வானூர்தியில் எஞ்சின் நடுக்கோட்டுக்கு வலப்புறமும், விமானி இடப்புறமும் இருந்தனர். இரு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழலும்படி ஒரு சங்கிலியைக் குறுக்காக மாட்டியிருந்தார்கள். பட்டம் பெறாத அந்த மிதிவண்டிப் பட்டறைக்காரர்கள், விசையின் அளவைப் போலவே அது செயல்படும் இடமும் முக்கியம் என்பதை முதல் நாளே கணக்கில் எடுத்திருந்தனர். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர் ஒருவர் ஒரு பாகை என்பது தன் கையில் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியாமல் நின்றால், குறை அவருடையது அன்று. தேர்வுத்தாளில் நான்கு அம்புகளையும் ஒரே புள்ளியில் வரையச் சொல்லி, அதோடு பாடத்தை முடித்துக்கொண்ட வகுப்பறையுடையது.